நிலாவுக்குப் பின்னால் ஒரு சாராயக்கடை

எசேக்கியல் ட்லாமினி நீதிபதியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னைத் தூக்கில் போடச் சொன்னார்.

ஜோஹன்னஸ்பர்கின் கறுப்பர் குடியிருப்புகளில் கொடிகட்டிப் பறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் அவர். குரங்குப் படத்தின் பெயரையே ஜனங்கள் அவருக்கு வைத்தார்கள்: கிங் காங். வெள்ளையரோடு கறுப்பர் மோதக்கூடாது என்பது சட்டம். அவருடைய எடையில், அவருடைய நிறத்தில் சண்டைபோட ஆளே இல்லை. கடைசியில் தன்னைவிட எடை குறைந்த ஒருவரிடம் அடிவாங்கி விழுந்தார். அதற்குப் பிறகு குடி, அடிதடி, சரிவு. காதலியைக் கொன்றார். நீதிபதி தூக்குக்குப் பதில் கடுங்காவல் கொடுத்தார். 1957இல் லீயுகாப் சிறைப்பண்ணையின் அணைத் தண்ணீரில் தானே மூழ்கி இறந்தார்.

இரண்டே வருடத்தில் இந்தக் கதையை மேடை இசைநாடகமாக்கினார்கள். 1959 பிப்ரவரி 2 அன்று, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் 'கிங் காங்' அரங்கேறியது. மேடையில் அத்தனை பேரும் கறுப்பர்கள். எதிரே வெள்ளையர்களும் கறுப்பர்களும் கலந்து உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள். நிறவெறி ஆட்சி உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில் நடந்தது இது.

அந்த மேடை இப்போது இல்லை. அந்த ஆட்களை அப்படி ஒன்றாகப் பார்க்க முடியவும் இல்லை. ஆனால் அதே வருடம் கேலோடோன் நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு இருக்கிறது. நடித்தவர்களே பாடி, அதே இசைக்குழு வாசித்த பதிவு. கொஞ்ச நாளாக நான் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

*

இந்தப் பதிவைத் தேடிப் பார்த்தீர்கள் என்றால் முதலில் கொரில்லாதான் வரும். 1933 படம், அதன் மறுஆக்கங்கள், அப்புறம் அதே குரங்கை வைத்து 2013இல் மெல்போர்னிலும் 2018இல் பிராட்வேயிலும் போட்ட இன்னொரு இசைநாடகம். மென்பொருள் வேலையில் நாங்கள் இதைப் 'பெயர் மோதல்' என்போம். ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். ஜோஹன்னஸ்பர்கில் வாழ்ந்த ஒரு மனிதரை ஹாலிவுட் குரங்கு தேடுபொறியில் இன்னமும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது.

நான் இதற்குள் வந்த வழி வேறு. 2018 ஜனவரியில் ட்ரம்பெட் கலைஞர் ஹ்யூ மசெகேலா இறந்தார். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. டிராம்போன் வாசித்த ஜோனாஸ் க்வாங்வா, சாக்சபோன் மேதை கிப்பி மொகெட்ஸி, பாடகி மிரியம் மக்கேபா என்று யாரை எடுத்தாலும் ஆரம்பத்தில் எங்கோ ஒரு வரி: 'கிங் காங்' நாடகத்தில் பங்கேற்றார். அந்த நாட்டின் பாதி இசை வரலாறு ஒரே மேடையில் எப்படி வந்து நின்றது என்ற கேள்விதான் என்னைத் தட்டிடம் கொண்டுபோனது.

இந்த மாதிரிப் பதிவுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாடகம் முழுக்க இதில் இருக்காது. நீள இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்தால் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். வசனம் போய்விடும். நடனம் போய்விடும். கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே அமைதியானது என்பதும் தெரியாது. ஒரு மென்பொருள் ஓடி முடிந்த பிறகு மிஞ்சுகிற லாக் கோப்பு போல என்று வைத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்பதற்குத் தடயம் இருக்கும், நடந்தது இருக்காது. ஆனால் சர்வரே எரிந்துபோனால் அந்த லாக் மட்டும்தான் மிச்சம்.

இங்கே எரிந்துபோனது சர்வர் மட்டுமில்லை. ஊரே.

*

யார் செய்தார்கள் இதை? நாடகத்தை எழுதியவர் ஹாரி ப்ளூம், வழக்கறிஞர், நாவலாசிரியர். பாடல் வரிகள் பாட் வில்லியம்ஸ். இயக்கம் லியோன் க்ளக்மன். இசை இயக்கம் ஸ்டான்லி க்ளாசர். அரங்க வடிவமைப்பு ஆர்தர் கோல்ட்ரைக். ஐந்து பேரும் வெள்ளையர்கள். இசையமைத்தவர் டாட் மட்ஷிகிஸா, கறுப்பர். மேடையில் நின்றவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மட்ஷிகிஸா சுவாரசியமான ஆள். பியானோ வாசிப்பார், சேர்ந்திசைக்குப் பெரிய படைப்புகள் எழுதுவார். பிழைப்புக்கு 'ட்ரம்' பத்திரிகையில் எழுத்து. ஜாஸ் பற்றி அவர் எழுதிய ஆங்கிலம் இலக்கணத்துக்குக் கட்டுப்படாமல் தாளத்தில் துள்ளும். கூட வேலை பார்த்தவர்கள் அந்த நடைக்கு அவர் பெயரையே திரித்து ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1956இல் ஜோஹன்னஸ்பர்க் நகரத்தின் 70ஆம் ஆண்டு விழாவுக்கு 'உக்ஸோலோ' என்ற படைப்பை எழுதியவரும் அவர்தான். உக்ஸோலோ என்றால் அமைதி. நகரத்தின் பிறந்தநாளுக்கு இசை எழுதலாம், ஆனால் அதே நகரத்தில் இரவு நேரத்தில் நடந்துபோக அனுமதிச்சீட்டு வேண்டும். கறுப்பர்களுக்குச் சட்டம் அப்படி.

பல்கலைக்கழக மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இதுதான். இரண்டு நிறத்தாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரக்கூடிய இடங்கள் ஊரில் மிகச் சொற்பம். அதில் அது ஒன்று. அதே 1959இல் பல்கலைக்கழகங்களையும் நிறவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்துவிட்டது. கதவு சாத்துவதற்குச் சற்று முன்னால், கிடைத்த இடுக்கில் நடந்த நாடகம் இது.

*

இப்போது தட்டைப் போடுவோம்.

ஆரம்பத்தில் வருவது 'சாட் டைம்ஸ், பாட் டைம்ஸ்' என்ற சேர்ந்திசை. கெட்ட காலம் வந்துவிட்டதைப் பற்றிய பாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குத்துச்சண்டை வீரனின் வீழ்ச்சிக்கு முன்னுரை. ஆனால் அன்றைக்கு அரங்கில் இருந்த கறுப்பர்களுக்கு வேறு ஒன்று கேட்டது. 1956 டிசம்பரில் 156 பேர் மீது அரசு தேசத்துரோக வழக்குப் போட்டிருந்தது. நாடகம் அரங்கேறியபோது வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் முதல் நாள் நாடகத்துக்கே வந்திருந்தார். இடைவேளையில் மட்ஷிகிஸாவிடம் போய், அந்தப் பாட்டில் எங்களுக்கு ஆதரவாக ஒரு சேதியை நுணுக்கமாகப் பின்னியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அவர் பெயர் நெல்சன் மண்டேலா.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சேர்ந்திசை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தேவாலயத்தில் பழகிய குரல்கள், ஒரே மூச்சில் ஏறி இறங்குகின்றன. கோஷம் இல்லை, முழக்கம் இல்லை. தணிக்கை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் பேனாவை எடுக்க முடியாது.

அப்புறம் பென்னிவிசில். தகரத்தில் செய்த மலிவான சின்னக் குழல். தெருமுனையில் பையன்கள் வாசித்துக் காசு கேட்பார்கள். லெம்மி மபாஸோ என்ற சிறுவன் இந்த நாடகத்துக்காக அதை வாசித்தான். அந்த இசைக்குப் பெயர் 'க்வேலா'. ஏறு என்று அர்த்தம். போலீஸ் வேனையும் ஜனங்கள் 'க்வேலா க்வேலா' என்றுதான் சொன்னார்கள்; வேனில் ஏறச் சொல்லி போலீஸ்காரன் அதட்டுகிற சொல் அது.

'இன் தி க்யூ' என்று வரிசையில் நிற்பவர்களின் பாட்டு ஒன்றும் இருக்கிறது. முதல் தடவை கேட்டால் கலகலப்பான சின்ன உருப்படி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1957 ஜனவரியில், அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பில் பேருந்துக் கட்டணம் நான்கு பென்ஸிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. ஒரே ஒரு பென்னிதான். ஆயிரக்கணக்கான பேர் மாதக்கணக்கில் பேருந்தில் ஏறவில்லை. காலையும் மாலையும் மைல்கணக்கில் நடந்தே வேலைக்குப் போய் வந்தார்கள். அவர்களுடைய முழக்கம் 'அஸிக்வெல்வா', ஏறமாட்டோம். அதே க்வேலா என்ற வேர்ச்சொல்தான். குழலிசைக்கும் போலீஸ் வேனுக்கும் பேருந்துப் போராட்டத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த ஊரில் போட்ட நாடகம் இது. வரிசையில் நிற்பதைப் பற்றிய பாட்டுக்கு அங்கே கைதட்டியவர்கள் எதற்கெல்லாம் கைதட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

*

'பேக் ஆஃப் தி மூன்'தான் தட்டின் உயிர். நிலாவின் பின்பக்கம். நாடகத்தில் அது ஒரு ஷெபீனின் பெயர்.

ஷெபீன் என்றால் வீட்டுக்குள்ளே நடக்கும் சட்டவிரோதச் சாராயக்கடை. கறுப்பர்கள் மது வாங்குவதற்குத் தடை இருந்தது. 1962இல்தான் அது நீங்கியது. அதனால் பெண்கள் வீட்டிலேயே காய்ச்சினார்கள், கள்ளத்தனமாக வாங்கி விற்றார்கள். அந்த வீட்டு முன்னறையில் ஆசிரியர்கள், ரவுடிகள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள் எல்லோரும் ஒரே பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். சோஃபியாடவுன் பகுதியில் இந்தப் பெயரிலேயே நிஜமான ஷெபீன் ஒன்று இருந்தது.

ஜாய்ஸ் என்ற ஷெபீன் அரசியாக மிரியம் மக்கேபா பாடுகிறார். அப்போது அவருக்கு 26 வயது. உலகம் பின்னால் கேட்கப்போகிற மக்கேபா இதில் இன்னும் முழுதாக வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் அலட்டல் இல்லாத அந்த நிதானம் வந்துவிட்டது. பின்னால் பித்தளை வாத்தியங்கள் எகிறுகின்றன, இவர் அவசரப்படுவதே இல்லை. கடைக்கு யார் வந்தாலும் தனக்குத் தெரியும் என்கிற தோரணை. இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று உள்ளே விடலாமா வேண்டாமா என்று ஆளை அளக்கிற முதலாளியம்மாவை அந்தக் குரலில் கேட்கலாம்.

இந்தப் பாட்டு பதிவானபோது சோஃபியாடவுன் ஏற்கெனவே இடிபட்டுக்கொண்டிருந்தது. 1955 பிப்ரவரி 9 அன்று 2000 ஆயுதப் போலீசோடு வந்து, வீடுகளைக் காலிசெய்து, ஜனங்களை லாரிகளில் ஏற்றி மெடோலேண்ட்ஸுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். தரைமட்டமாக்கிய இடத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி, 'ட்ரையோம்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வெற்றி என்று அர்த்தம். பழைய பெயர் திரும்பி வர 2006 ஆனது.

ஆக, மக்கேபா பாடுவது ஏற்கெனவே அரைவாசி மண்ணான ஓர் இடத்தைப் பற்றி. பாட்டில் அழுகையே இல்லை. கொண்டாட்டம் மட்டும்தான். எனக்கு இந்தத் தட்டில் மிகவும் கனமாக இறங்கியது அதுதான்.

ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகவும் முடியவில்லை. ஜாய்ஸ் என்பது கற்பனைப் பெயர். நிஜத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டார். நாடகம் கொலைகாரரின் வீழ்ச்சியைக் காவியமாக்குகிறது. சாவுப் பாட்டும் அவருக்குத்தான். கொல்லப்படும் பெண்ணுக்கு நல்ல பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள், கதையைக் கொடுக்கவில்லை. மக்கேபா அந்தப் பாட்டை அவ்வளவு நிறைவாகப் பாடியிருப்பதால்தான் இந்தக் குறை நமக்கு உறைக்கிறது. எழுத்தில் இல்லாத ஒரு முழு ஆளை அவர் குரலால் கொண்டுவந்து நிறுத்துகிறார். தட்டின் மிச்ச நேரம் முழுக்க அந்தப் பெண் எங்கே என்று மனது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

*

வெள்ளையர்கள் எழுதி இயக்கிய நாடகம். அரசியலைத் தணித்து, வெள்ளைப் பார்வையாளர்களுக்குப் பிடித்த மாதிரிக் கொடுத்தது என்ற விமர்சனம் அதன் மேல் உண்டு. நியாயமான விமர்சனம். முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது.

அதைப் பற்றி மட்ஷிகிஸாவே எழுதியிருக்கிறார். நாடகம் லண்டனுக்குப் போன சமயத்தில், 1961இல், 'சாக்லேட்ஸ் ஃபார் மை வைஃப்' என்ற அவருடைய நினைவுக்குறிப்பு வெளிவந்தது. ஒத்திகைக் காலத்தில் தனக்கு வந்த கெட்ட கனவு ஒன்றை அதில் சொல்கிறார். வெளுத்த தோலுள்ள மனிதர்கள் தன்னைச் சுற்றி நின்று, கூரான குழாய்களைத் தலையில் சொருகி மூளையை உறிஞ்சிக் குடிக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் கறுப்பர்களின் பெயர்கள் ஒரு பெரிய வெள்ளை மூடுபனிக்குள் மங்கித் தெரிகின்றன. ராத்திரி ராத்திரி அலறிக்கொண்டு கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார் மனிதர்.

இதைப் படித்த பிறகு எனக்குத் தட்டைக் கேட்பது கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. வசனத்தில், கதையில், இயக்கத்தில் யார் கை ஓங்கியிருந்தாலும் அதெல்லாம் மேடையோடு போய்விட்டது. ஒலிப்பதிவில் தப்பிப் பிழைத்தது பாட்டும் வாசிப்பும். அதாவது மட்ஷிகிஸாவின் மெட்டுகள், மக்கேபாவின் நிதானம், கிங் காங்காக வரும் நேதன் ம்ட்லெட்லேவின் ஆழமான குரல், ஓரத்தில் 19 வயது மசெகேலாவின் ட்ரம்பெட். வசனத்தையும் காட்சியையும் தட்டின் நீளம் வெட்டியெறிந்ததில், கறுப்பர்கள் செய்த பங்கு முன்னால் வந்து நிற்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை. தொழில்நுட்பத்தின் குறைபாடு செய்த நியாயம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

*

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தேதிவாரியாகச் சொன்னாலே போதும்.

1959லேயே மக்கேபா நாட்டைவிட்டுக் கிளம்பினார். 1960இல் அம்மாவின் சாவுக்கு ஊர் திரும்ப முயன்றபோதுதான் தன் கடவுச்சீட்டு ரத்தாகிவிட்டது அவருக்குத் தெரிந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அவசரநிலை வந்தது. அதே ஆண்டு மசெகேலா கிளம்பினார். மட்ஷிகிஸா குடும்பத்தோடு லண்டன் போனார்.

1961 பிப்ரவரியில் லண்டன் பிரின்சஸ் தியேட்டரில் 'கிங் காங்' தொடங்கியது. மக்கேபா இல்லாததால் பெகி பாங்கோ ஜாய்ஸாக நடித்தார். நாடகம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 29 அன்று, தேசத்துரோக வழக்கில் எல்லோரும் விடுதலை ஆனார்கள். மே 31 அன்று தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறிக் குடியரசானது. குழுவில் பலர் திரும்பவே இல்லை. ம்ட்லெட்லே லண்டனில் தங்கிவிட்டார். ரவுடி லக்கியாக நடித்த ஜோ மொகோட்ஸியும் அப்படியே.

விடுதலையான மண்டேலா தலைமறைவானார். ஜோஹன்னஸ்பர்குக்கு வெளியே ரிவோனியாவில் லிலீஸ்லீஃப் என்ற பண்ணையில், வேலைக்காரர் வேடத்தில் ஒளிந்திருந்தார். வெளியுலகத்துக்கு அந்தப் பண்ணையின் எஜமானராக நடித்தவர் ஆர்தர் கோல்ட்ரைக். ஆமாம், 'கிங் காங்' அரங்கை வடிவமைத்த அதே கோல்ட்ரைக். 1963 ஜூலை 11 அன்று போலீஸ் அங்கே புகுந்தது. பிடிபட்ட கோல்ட்ரைக் அடுத்த மாதமே காவலருக்கு லஞ்சம் கொடுத்துத் தப்பி, பாதிரியார் வேடத்தில் நாட்டைவிட்டு வெளியேறினார். அதே 1963இல் மக்கேபா ஐ.நா.வில் நிறவெறிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவருடைய பாட்டுகளுக்குச் சொந்த நாட்டில் தடை விழுந்தது.

மட்ஷிகிஸா 1964இல் ஜாம்பியாவுக்குப் போனார். 1968இல் லுசாகாவில் இறந்தார். ஊரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. மக்கேபாவும் மசெகேலாவும் 1990இல் திரும்பினார்கள். முப்பது வருடம் கழித்து.

அந்த 1959 தட்டைப் பதிவுசெய்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. பதிவு முடிந்து வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து, அனுமதிச்சீட்டைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

*

2017இல் கேப் டவுனின் ஃபூகார்ட் தியேட்டர் நாடகத்தை மறுபடி மேடையேற்றியது. 2021இல் அந்தத் தியேட்டரும் மூடப்பட்டுவிட்டது. திரும்பவும் தட்டுதான் மிச்சம்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. 1959இன் ஜோஹன்னஸ்பர்க் பதிவு, 1961இல் டெக்கா நிறுவனம் வெளியிட்ட லண்டன் பதிவு. பிந்தையதில் ஒலி துல்லியம். இசைக்கோர்வையும் வெட்டிச் சீவி ஒழுங்குபடுத்தியது. எதைக் கேட்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, இரண்டையும் கேளுங்கள், ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கை முதலில் கேளுங்கள் என்பேன். கூடவே ஒரு சின்ன வேலையும் செய்து பாருங்கள். 'பேக் ஆஃப் தி மூன்' பாட்டை ஒரு தடவை மக்கேபாவுக்காகக் கேளுங்கள். அடுத்த தடவை அவரை விட்டுவிட்டுப் பின்னால் வாசிப்பவர்களைக் கேளுங்கள். ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் எடுக்கிற வேகம், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத பழக்கம். ஒரே தெருக்களில், ஒரே ஷெபீன்களில் வருடக்கணக்கில் ஒன்றாகக் கிடந்தவர்களுக்குத்தான் அது வரும். லண்டன் பதிவில் எவ்வளவு தேடியும் எனக்கு அது கிடைக்கவில்லை.